சனிக்கிழமைக் கயிறு

சின்ன வயதில் எங்களிடம் ஒரு யாட் இருந்தது என்று சொன்னபோது என் கணவர் சிரித்துவிட்டார். எங்களிடம் என்பது பொய்தான். வெள்ளைப் பாய்களும், உள்ளே கட்டிலும் சமைக்கக் குட்டிக் குசினியும் கொண்ட அந்த உல்லாசப் படகு கொழும்பில் இருந்த ஒரு முதலாளியுடையது. திருகோணமலைத் துறைமுகத்தில் அதைக் கட்டிவைத்துப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. ஐப்பசி பிறந்து உல்லாசப் பயணிகள் போய்விட்டால் முதலாளி தொலைபேசியில் ஒன்றையே சொல்வார்: பாயில் பூஞ்சணம் பிடிக்கவிடாதே, கிழமைக்கு ஒருதரம் கடலுக்குக் கொண்டுபோய் வா.

அந்த வருடம் அப்பா எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் எனக்கொரு தம்பி பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும் முன்னரே இறந்துபோயிருந்தான். அதன் பிறகு அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். தலை வாரிவிட்டால் வாரிய தலையோடும், வாராவிட்டால் வாராத தலையோடும் இருந்தார். தம்பலகாமத்திலிருந்து சின்னம்மா வந்து நின்று சமைத்தார், அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குளிக்கவார்த்தார், இரவில் வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தார். மழை தொடங்கியதும் வயலில் விதைப்பு என்று அவரும் போய்விட்டார். மற்ற நாட்களில் அப்பா படகைக் கழுவும்போது அம்மா இறங்குதுறையில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பார். கடலுக்குப் போவதற்கு மட்டும் அப்பா சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் எனக்காகத்தான் என்று நினைத்தேன். எனக்காகத்தான், நான் நினைத்த விதத்தில் அல்ல.

வகுப்பில் என் பெயர் மாறிவிட்டது. "கப்பல்காரி வாறா, வழி விடுங்கோடி" என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

படகில் ஏறியதும் அப்பா ஒரு மெல்லிய நீலக் கயிற்றின் ஒரு நுனியை என் இடுப்பிலும் மறு நுனியை அம்மாவின் இடுப்பிலும் கட்டுவார். "இவள் துடியாட்டக்காரி, விழுந்துபோவாள். நீர்தான் பாத்துக்கொள்ளவேணும்" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா தலையசைப்பார். எனக்குக் கயிறு பிடிக்கவில்லை. முன்பக்கம் போக ஏலாது, எட்டிப் பார்க்க ஏலாது, அம்மா இருக்கும் இடத்தில்தான் இருக்கவேண்டும்.

"நான் என்ன ஆட்டுக்குட்டியோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓம். என்ர ஆட்டுக்குட்டிதான்" என்றார் அப்பா.

துறைமுக வாயைக் கடந்து வெளியே வந்தால் கோணேசர் கோயில் மலை செங்குத்தாக நிற்கும். அதன் அடியால் போகும் படகுக்காரர் எவரும் சும்மா போவதில்லை. அப்பாவும் அங்கே பாயைத் தளர்த்திப் படகை மிதக்கவிட்டு, முன்பக்கம் போய்த் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, மலை உச்சியைப் பார்த்துக் கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக் கண்ணை மூடுவார். அந்தச் சிறுபொழுதில் மட்டும் அவர் பார்வை எங்கள்மீது இருக்காது.

ஒரு சனிக்கிழமை அவர் கண்ணை மூடிய நேரத்தில் அம்மா என் பக்கம் திரும்பினார். என் இடுப்பிலிருந்த முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். பிறகு தன்னுடையதையும். கலைந்திருந்த என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். சிரித்தார். தம்பி போன பிறகு நான் பார்த்த முதற் சிரிப்பு அது.

"அப்பாட்டப் போ பிள்ளை. தேங்காய்ச் சொட்டு வாங்கித் தின்."

நான் ஓடினேன். எத்தனை சனிக்கிழமையாகப் போக விடாத முன்பக்கம். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அம்மா என்னை அவிழ்த்துவிட்டவா" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து திரும்பிய வேகத்தில் கால் பட்டுக் கற்பூரத் தட்டு கடலில் விழுந்தது. பாய்மரத்தில் தோளை இடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். அம்மா படகோரக் கம்பிக்கு வெளியே கால்களைப் போட்டு இருந்தார். தண்ணீரில் கால் அளையப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். அப்பா பின்னாலிருந்து அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்தார்.

"பிள்ளை நிக்கிறாளெல்லோ" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"பிள்ளையை அவிழ்த்துத்தானே விட்டனான்" என்றார் அம்மா. கோபமில்லாத குரல். தன் கடமையைச் சரியாகச் செய்துவிட்ட ஒருவரைத் திட்டினால் எப்படிச் சொல்வாரோ, அப்படி.

திரும்பி வரும்போது அப்பா ஒரு கையால் சுக்கானைப் பிடித்தார், மறு கையால் அம்மாவின் மணிக்கட்டை. நான் தேங்காய்ச் சொட்டைத் தின்றுகொண்டு வந்தேன். எனக்கு அது நல்ல சனிக்கிழமை.

இப்போது என் கையிலும் ஒரு குழந்தை. பின்னேரங்களில் அப்பா லிங்கநகர் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து, பேரனைப் பார்க்கும் முன் என் முகத்தைப் பார்க்கிறார். "நித்திரை கொண்டனியோ பிள்ளை" என்கிறார். ஓம் என்கிறேன். அது எப்போதும் உண்மையில்லை. அம்மாவும் சில நாள் கூட வருவார். என் மகனை இன்னும் தூக்கவில்லை. அவனை விட்டு எட்டவே கதிரையைப் போட்டு இருக்கிறார். அழுகிறவனை மடியில் வைத்துக்கொண்டு நான் அந்தக் கயிற்றை நினைக்கிறேன். ஒரு சிறுபிள்ளையை அப்படிக் கட்டலாமா? கட்டாமல் விட்டிருக்கலாமா? என் மகனுக்கு அப்படியொரு கயிறு வந்தால் நான் சம்மதிப்பேனா? அம்மாவை அது உண்மையில் திருப்பிக் கொண்டுவந்ததா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா முடிச்சை அவிழ்த்ததற்கு அடுத்த சனிக்கிழமையும் போனோம். வாடைக்காற்று தொடங்க முந்திய கடைசிப் பயணம் அது. முடிச்சு இந்தமுறை என் முதுகுப் பக்கம் இருந்தது. மலையடியில் அப்பா வழக்கம்போல் பாயைத் தளர்த்தினார், தேங்காய் உடைத்தார், கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார். ஆனால் கண்ணை மூடவில்லை. கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் பக்கம் பார்த்தபடியே கும்பிட்டார்.

பெரியவர்களும் பிழை விடுவார்கள் என்பதில் எனக்கு ஒரே சந்தோசம்.

"அப்பா, சாமி அந்தப் பக்கம்" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

"ஓம் பிள்ளை, தெரியும்" என்றார். திரும்பவில்லை.