கண்மாய்க் கரையில் நான்கு பொந்துகள்

பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் உறவு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பஞ்சுருட்டான் பச்சையாக, ஒல்லியாக, வால் நடுவில் கம்பி நீட்டிக்கொண்டு இருக்கும். மீன்கொத்திக்கு நீல முதுகு, தடித்த சிவப்பு அலகு, எப்போதும் முறைப்பு. ஆனால் இரையைக் கிளையில் அடித்துத் தின்பதிலும், மண்கரையில் பொந்து குடைந்து முட்டையிடுவதிலும் இரண்டும் பங்காளிகள்தான். சிம்மக்கல்லில் கடை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரோடு அலைந்து நான் கற்றது இது. கொஞ்சம் கர்வமும் உண்டு.

எழுமலைப் பக்கம் அக்காள் கணவர் முருங்கைத் தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். போன கோடையில் பஞ்சுருட்டான்கள் தேனீக்களைக் கவ்விப் போவது பொறுக்காமல் என்னை வரச்சொன்னார். தோட்டத்தை ஒட்டிய கண்மாய்க் கரையில் நான்கு பொந்துகள். அடைத்துவிட்டால் பறவைகள் வேறு இடம் பார்க்கும் என்று நினைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டிகள் அவர் பிழைப்பு.

“மீன்கொத்தி பொந்து இருந்தா சொல்லிரு மாப்ள. அது பாவம், அதை விட்டுருவோம்” என்றார்.

கண்மாய் வெடித்துக் கிடந்தது. “தண்ணியே இல்லாத எடத்துல அதுக்கு என்ன வேலை மச்சான்?” என்றேன். அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வெயிலுக்குச் சோம்பல்பட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மாலையில் அவர் நான்கையும் மண் பிசைந்து அடைத்தார்.

மறுநாள் காலை கரைக்குப் போனோம். வாயில் ஓணான் குட்டியோடு மீன்கொத்தி ஒன்று அடைத்த மண்ணில் போய் மோதியது. கருவேல மரத்துக்குத் திரும்பியது, மறுபடி வந்து மோதியது. வறண்ட காட்டில் அது ஓணானும் வெட்டுக்கிளியும் பிடித்தே குஞ்சு வளர்க்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். வெட்கமாக இருந்தது.

அவர் முட்டிபோட்டு மண்ணைக் கையால் பறித்தார். உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்டது. பிறகு மற்ற மூன்றையும் திறந்தார். தேனீக்களைப் பற்றி நான் நினைவூட்டவில்லை.

மீன்கொத்தி உள்ளே போனது. மதியத்துக்குள் இரண்டு பொந்துகளுக்குப் பஞ்சுருட்டான்கள் திரும்பின. நான்காவதற்கு எதுவும் வரவில்லை. அது எந்தப் பறவையின் கூடு என்று அவர் என்னிடம் கேட்கவில்லை.