அப்பன் இல்லாத ஈக்கள்

கொட்டாம்பட்டிப் பக்கத்தில் முதலில் தேன்பெட்டி வைத்தவன் நான்தான். யுத்தத்துக்கு முந்தின வருஷம் அதில் ஒரு புது ராணி ஈ பொரிந்து வந்தது. அது பறந்துவிட்டால் கூட்டமும் பின்னாலேயே போய்விடுமே என்று பயந்து, கத்தரிக்கோலால் அதன் இறகை நறுக்கிவிட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

சில வாரங்களில் பெட்டி முழுக்கப் பெரிய கண்ணுள்ள தடித்த ஈக்கள். ஒன்றுகூடப் பூவுக்குப் போகவில்லை. தேனீ இன்ஸ்பெக்டரை அழைத்து வந்து காட்டினேன்.

"எல்லாம் ஆண் ஈ. ராணிய என்ன செஞ்சீக?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"அது வானத்துல பறந்து ஆண் ஈயோட சேரணும்ணே. சேந்தா முட்டையில தாயோட பாதி, தகப்பனோட பாதி. அதுலதான் உழைக்கிற பொட்ட ஈ பிறக்கும். சேரலைன்னா தாயோட பாதி மட்டும்தான். அந்தப் பாதியிலயே ஆண் ஈ பிறந்துரும். அதுக்கு அப்பனே கிடையாது."

அப்பன் இல்லாமல் ஆண்பிள்ளையா! அடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மனைவியும் வந்து எட்டிப் பார்த்தாள். அவள் இடுப்பில் எங்கள் மூன்றாவது பெண் குழந்தை. ஆண்பிள்ளை பெறத் துப்பில்லை என்று முந்தின நாள்தான் அவளை ஏசியிருந்தேன்.

"அப்ப இந்த ராணி பெத்தது அம்புட்டும் ஆம்பளப் பிள்ளதானா?" என்று கேட்டாள்.

"ஆமா தாயி."

"அதான் குடி இப்படிக் கெடக்கு."

அந்த ஏச்சு அதற்குப் பிறகு என் வாயில் வரவே இல்லை. இன்று பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அந்த மூன்றாவது மகள்தான். ராணி பறக்கிற நாளில் என்னைக் கிட்டேயே விடமாட்டாள்.