சொல்தா வீட்டில் மாதாமாதம் கறி

அஞ்சல் சேமிப்பு ஏஜெண்ட் அஞ்சலாட்சியைப் புதுச்சேரி உப்பளம் பகுதியில் அறியாத வீடு கிடையாது. மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், எழுபத்தாறாம் வருடம் அந்த வேலை போனதும் தோள்பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். வீடு வீடாகப் பத்தும் இருபதும் வாங்கித் தபால் ஆபீசில் ஐந்தாண்டுக் கணக்கில் கட்டுவாள். பணத்தைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. கேட்டால் ஒரு வார்த்தை சொல்வாள். காபி கொடுத்தால் இரண்டு.

எண்பத்திரண்டு ஜூன் மாதம் அமிர்தவல்லி காபி கொடுத்தாள்.

அமிர்தவல்லியின் கணவர் கோவிந்தசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்லும் சொல்தா என்பதே தெருவில் அவருக்குப் பெயர். பென்சன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும். வந்த அன்று ஐந்து கிலோ கறி எடுத்துப் பாதித் தெருவுக்கு இலை போடுவார். மூன்றாம் மாதம் மனைவியின் நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போகும். அடுத்த பென்சனில் திரும்பி வரும். கல்யாணமான நாளிலிருந்து சங்கிலிக்கு இதுதான் நடை.

இப்போது மகளுக்கு ஆகஸ்டில் கல்யாணம். செலவை மூத்த மகன் ஏற்றுக்கொண்டான். ஆனால் ஆகஸ்ட், சங்கிலி அடகில் இருக்கும் மாதம். சம்பந்தி வீட்டார் முன்னால் வெறும் மஞ்சள் கயிற்றோடு எப்படி நிற்பது?

அன்று காலையில்தான் பென்சன் வந்து, சங்கிலியும் அடகிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. மிச்சப் பணம் கோவிந்தசாமியின் சட்டைப்பையில். அதை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை வைத்துக்கொண்டு இரண்டு பங்கைத் தபால் ஆபீசில் போடச் சொன்னாள் அஞ்சலாட்சி. மாதம் பிறந்தால் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம்.

கோவிந்தசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதுல ஒனக்கு எவ்ளோ?"

"அஞ்சு வருசக் கணக்குக்குத்தான் எனக்கு கமிசன், மாமா. இந்தச் சாதாக் கணக்குல காலணா கெடையாது."

"கறி எடுக்கலன்னா சொல்தா செத்துட்டான்னு மாலையோட வந்துடுவானுங்க."

"யாரு எடுக்க வேணாம்னது? மாசம் ஒண்ணாந்தேதி ஒரு கிலோ எடுங்க. வருசத்துக்கு நாலு நாள் மணக்கிற வீடு, பன்னெண்டு நாள் மணக்கும்."

அமிர்தவல்லி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கோவிந்தசாமி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு ஐந்து கிலோவுக்குப் பதில் மூன்று கிலோ. பெருமையோ மூன்று மடங்கு. சட்டையை மாட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குக் கிளம்பினார்.

ஜூலை ஒன்றாம் தேதி குழம்பு மணந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதியும் மணந்ததும் தெரு நிலைகொள்ளவில்லை. சொல்தாவுக்கு மட்டும் பிரான்சிலிருந்து மாதாமாதம் பென்சன் வருகிறதாம் என்று பேச்சு கிளம்பியது. பழைய பட்டாளத்துக்காரர் மூன்று பேர், எந்த ஆபீசுக்கு மனு எழுதினாய் என்று கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். கோவிந்தசாமி ரகசியம்போல அஞ்சலாட்சியின் வீட்டைக் கைகாட்டினார்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் அடகுக் கடைக் கலியபெருமாளே வீடு தேடி வந்தார்.

"இந்த மாசம் காணுமே, ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணே, ஒக்காருங்க" என்ற அமிர்தவல்லி, கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு, அவர் கையில் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாள்.