ஷட்டர் திறக்கும் சேதி

அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸில் அவளுக்கு வேலை. ஆற்றுத் தண்ணீரை இழுத்து ஊருக்கு அனுப்பும் பெரிய மோட்டார்கள், சுவர் முழுக்க மீட்டர்கள், ஓயாத இரைச்சல். அந்த இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தித்தான் தன் குரல் இப்படி ஆகிவிட்டது என்பாள். "வேலைக்குப் போறதுக்கு முன்னாடி மட்டும் குயிலாட்டம் இருந்துச்சாக்கும்!" என்பான் அண்ணன்.

கல்யாணம் ஆகவில்லை. அண்ணன், அண்ணியோடு இருந்தாள். அண்ணனுக்குக் கரையோரத்தில் ஒரு நர்சரி. கறுப்புப் பைகளில் பூச்செடிகளும் பழக்கன்றுகளும் வரிசை வரிசையாக நிற்கும். ஆற்றில் ஒரு சின்ன மோட்டாரை இறக்கித் தண்ணீர் பாய்ச்சுவான்.

ஆற்றின் மேல்பகுதி பக்கத்து நாட்டில் இருந்தது. அங்கே ஓர் அணை. மழைக்காலத்தில் அவர்கள் ஷட்டரைத் திறந்தால் இங்கே கரையில் இருப்பதெல்லாம் போகும். திறக்கிற தகவல் அணையிலிருந்து அவர்கள் தலைநகருக்குப் போய், அங்கிருந்து இந்த நாட்டுத் தலைநகருக்கு வந்து, ஒவ்வொரு அலுவலகமாக இறங்கிப் பம்ப் ஹவுஸுக்கு வந்து சேர்வதற்குள், தண்ணீர் வந்து தங்கி விருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கும். வருஷா வருஷம் அண்ணன் பாதிச் செடிகளை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் திட்டிவிட்டு, மறுபடி பைகளில் மண் நிரப்ப ஆரம்பிப்பான்.

அப்படியிருக்கும்போதுதான் அண்டை நாடுகளின் இளைஞர்கள் கூடிச் சமாதானம் பற்றிப் பேசும் கூட்டம் ஒன்று அவர்கள் ஊரில் நடந்தது. ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் முப்பது வயதுக்குள் ஒருவர் வரவேண்டும் என்று உத்தரவு. பம்ப் ஹவுஸில் அந்த வயதில் இருந்தது அவள் ஒருத்திதான்.

"போய்ப் பேசிட்டு வாம்மா. உனக்குச் சொல்லியா தரணும்?" என்றார் மேலதிகாரி.

பெரிய மண்டபம். வரிசையாகக் கொடிகள். எல்லோர் கழுத்திலும் அட்டை. மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பாலம் கட்டுவோம், பாலம் கட்டுவோம் என்று முழங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் தூக்கக் கலக்கத்தோடு இருந்த ஒல்லியான ஆள் தனக்குத்தானே முணுமுணுத்தார்: "இத்தனை பாலம் கட்டினா ஆறே மறைஞ்சிடும்."

அவள் சிரித்தது மேடை வரை கேட்டிருக்கும். அவர் அட்டையில் பக்கத்து நாட்டின் பெயர் இருந்தது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பாஷைதான். அவர்கள் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். அணையில் ஷட்டர் திறந்து மூடுவது என்றார்.

"ஓ, நீங்கதானா அது? எங்கண்ணனோட செடியை எல்லாம் வருஷா வருஷம் அடிச்சுட்டுப் போறது?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "நான் திறக்கறேங்க. அது எங்க போய் என்ன பண்ணுதுன்னு யாரும் எங்கிட்ட சொன்னதில்லையே."

"நீங்க மாடி வீடு, நாங்க கீழ் வீடு. மாடியில நீங்க தண்ணியைக் கொட்டினா எங்க தலையிலதானே விழும்? கொட்டறதுக்கு முன்னாடி எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

"கொடுத்தாப் போச்சு. நம்பரைச் சொல்லுங்க."

கூட்டத்தை நடத்திய ஒருங்கிணைப்பாளர், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்த ஓர் இளம்பெண், இதைக் கேட்டுவிட்டு இரண்டு பேரையும் மேடைக்கு இழுத்துப் போய்ப் படம் எடுத்தாள். கடைசி நாள் வாசித்த கூட்டறிக்கையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. குரல் கொடுப்பதாக அவர் சொன்னது மட்டும் நடந்தது.

அடுத்த மழையில், மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் அடித்தது.

"கீழ் வீடா? மாடி வீடு பேசறேன். சாயங்காலம் திறக்கறோம். கொடியில காயற துணியை எல்லாம் எடுத்துடுங்க."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அண்ணனுக்குச் சொன்னாள், சலவைக்காரர்களுக்குச் சொன்னாள், மணலில் காய்கறி போட்டிருந்தவர்களுக்குச் சொன்னாள். பொழுது சாயும்போது ஆறு கரையேறி வந்து, எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனது. அண்ணன் மேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உன் மாடிவீட்டுக்காரருக்கு ஒரு ரோஜாச் செடி கொடுத்தனுப்பணும்."

"எல்லையில செடிக்கும் பாஸ்போர்ட் கேப்பாங்கண்ணே."

அடுத்த வருஷமும் அப்படியே நடந்தது, சில தடவை அவர் குரல் பதிவாகவும் சேதி அனுப்பினார். மழை இல்லாத மாதங்களிலும் எப்போதாவது பேசிக்கொள்வார்கள். அவர் மகளுக்குப் பல் முளைத்ததுகூட அவளுக்குத் தெரியும்.

பிறகு, வெகு தொலைவில், யாரும் குடியிராத ஒரு மலையில் இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் சுட்டுக்கொண்டார்கள். யார் முதலில் சுட்டது என்பதற்கு இரண்டு பக்கமும் ஒரே பதில்தான்: அவர்கள். கொஞ்ச நாளில் அந்த இளைஞர் கூட்டத்துப் படம் போன் போனாகச் சுற்ற ஆரம்பித்தது. தலைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் வெளிநாட்டுக்குப் போய்விட்டாள்.

மேலதிகாரி ரேடியோவைக் கூப்பிட்டார். "அந்த நம்பரை அழிச்சிடும்மா."

"சார், அது தண்ணி வர்ற சேதி சார்."

"எனக்குத் தெரியாதா? என் வீடும் பள்ளத்துலதான் இருக்கு. மேல இருந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் அழிப்பதற்குள் சாதாரண உடையில் இரண்டு அதிகாரிகள் வந்து போனை வாங்கிக்கொண்டார்கள். அணைக்காரர் அனுப்பியிருந்த குரல் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள்.

"துணியை எடுத்துடுங்கன்னா என்ன அர்த்தம்?"

"வெள்ளம் வருதுன்னு அர்த்தம் சார்."

"அப்ப வெள்ளம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அது... ஒரு விளையாட்டுக்கு."

"எதிரி நாட்டுக்காரனோட உனக்கென்ன விளையாட்டு?"

இன்னொரு தடவை பேசினால் வேலை போவதோடு நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம்பர் அவளுக்கு மனப்பாடம். ஒரு வாரம் கழித்து, ஒரு கடைக்காரரின் போனைக் கேட்டு வாங்கி அழைத்துப் பார்த்தாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அது ஓயும் வரை கேட்டுவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. தலைநகர் வழியாகத் தாமதமாக வந்துகொண்டிருந்த தகவலும் நின்றுபோயிருந்தது. ஒரு காலை வேளை, பம்ப் ஹவுஸ் ஜன்னலிலிருந்து பார்த்தபோது ஆற்றின் நிறம் மாறியிருந்தது. நுரையும் முறிந்த கிளைகளுமாக வந்துகொண்டிருந்தது. ஆபீஸ் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மேல வந்துடு! செடியை விடு!"

"செடி கிடக்கட்டும். மோட்டாரை மட்டும் கழட்டிட்டு வந்துடறேன், புது மோட்டார்டி."

"அண்ணே, சொன்னாக் கேளு!"

"அட, இரு. ரெண்டு போல்ட்தான்."

தண்ணீர் வடிந்த பிறகுதான் அண்ணன் கிடைத்தான்.

டிவியில் இதற்குத் தண்ணீர்த் தாக்குதல் என்று பெயர் வைத்திருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். வேண்டுமென்றே திறந்துவிட்டானுங்க, ஈவிரக்கம் இல்லாதவனுங்க. கேட்டுக் கேட்டு ரேடியோ ஒரு கட்டத்தில் வெடித்துவிட்டாள். "ரெண்டு வருஷம் சொல்லிட்டுத்தானே திறந்தாங்க? சொல்ல விடாம வாயை அடைச்சது யாரு?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணி தலையைத் தூக்கினாள்.

"நான் புருஷனைப் பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன். இந்த வீட்ல இருந்துக்கிட்டு அவங்களுக்கு வக்காலத்து வாங்காத."

சில வாரங்கள் கழித்து, அதே மண்டபத்தில் வேறோர் இளைஞர் கூட்டம் ஏற்பாடானது. இது தேசத்துக்காகப் பொங்கி எழும் இளைஞர்களுக்கு. வெள்ளத்தில் அண்ணனைப் பறிகொடுத்த தங்கை பேசவேண்டும் என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். அவள் முடியாது என்றாள். அவர்கள் போனபிறகு அண்ணி சொன்னாள்:

"நீ பேசலைன்னா, உங்கண்ணன் ஒரு மோட்டாருக்காகப் போய் விழுந்து செத்தாருன்னு ஆயிடும். அதுதான் வேணுமா உனக்கு?"

அவள் போனாள். முன்வரிசையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். மைக்கைப் பிடித்ததும் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் தடுக்காமல் வந்தன. "எங்கண்ணனைக் கொன்னது வெள்ளம் இல்ல, அவங்கதான்!" மண்டபம் எழுந்து நின்று தட்டியது. நல்ல குரல் என்று பலர் பாராட்டினார்கள். அந்த வீடியோ எல்லை தாண்டிப் போனது.

அதற்கடுத்த கோடையில் வெளிநாட்டு எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. ஒருங்கிணைப்பாளர்.

"உங்க போனை வாங்கிட்டுப் போனாங்கல்ல, கிட்டத்தட்ட அதே சமயத்துலதான் அவரையும் பிடிச்சிருக்காங்க. வெள்ளம் வந்தப்ப அணையில அவர் இல்ல. புது ஆள். இப்ப விட்டுட்டாங்க. ஏதோ கிடங்குல மூட்டை தூக்கறாராம்."

ரேடியோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"உங்க வீடியோவை அவரும் பார்த்தாராம்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலையாம். உங்கண்ணன் தவறிட்டாருன்னே அதைப் பார்த்துதான் அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்தப் புது ஆளின் நம்பர் கிடைக்குமா என்று கேட்டாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"கிடைச்சாலும் எடுக்க மாட்டாருங்க. அவருக்கு முன்னாடி இருந்தவர் என்ன ஆனாருன்னு அவருக்குத் தெரியும். நீங்க பேசினதையும் பார்த்திருப்பாரு."

அதைப் பற்றி வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. ஆனால் ஒரு நாள், இருவரும் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி தலை நிமிராமலே கேட்டாள்:

"அன்னிக்கு அந்தப் போன் வந்திருந்தா, இவரு மேல வந்திருப்பாரா?"

முன்பு போன் வந்த ஒவ்வொரு தடவையும் கரையைக் காலி செய்துவிட்டு, உட்கார்ந்து காபி குடிக்கக்கூட நேரம் இருந்தது. அண்ணன் மோட்டாரைக் கழற்றி, துடைத்து, மேட்டில் வைத்து மூடிவிட்டு வந்திருப்பான்.

"தெரியல அண்ணி" என்றாள்.

அண்ணி கையிலிருந்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

ரேடியோ இன்னும் பம்ப் ஹவுஸில்தான் இருக்கிறாள். மழை பிடித்தால் ஜன்னலை விட்டு நகர்வதில்லை. ஆற்றின் நிறம் மாறியதும் கரையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் போன் போடுகிறாள். பாதிப் பேருக்குச் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது.