ஓர்வலின் பிரேக்கும் ஆர்டித்தின் காலும்

வயோமிங் மலையோரத்தில் மாடு வளர்க்கிற ஓர்வல் டீட்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருடைய பிக்கப் வண்டி அதைவிட நீளம். பின்னால் கன்றுகளை ஏற்றி டிரெய்லரை மாட்டினால் மூஞ்சி ஒரு ஊரிலும் வால் அடுத்த ஊரிலும் இருக்கும். அவ்வளவு பெரிய வண்டிக்கு பிரேக் மட்டும் பஞ்சு மெத்தை. மிதித்தால் பெடல் தரையோடு படுத்துக்கொள்ளும். நாலு மிதி மிதித்த பிறகுதான் வண்டிக்கு, நிற்கலாமா என்ற யோசனையே வரும்.

இதை சர்ச் விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். பெடல், என் பெண்டாட்டி சுடுகிற ஆப்பிள் பை பலகாரம் மாதிரி நடுவில் வேகாமல் கொழகொழவென்று இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். பாதிரியாருக்குச் சிரித்த சிரிப்பில் காபி மூக்கு வழியாக வந்தது. பெண்டாட்டி ஆர்டித் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதை நாயிடம் சொன்னாள். ஓர்வலும் ரோஷக்காரர், பதிலை நாயிடமே சொன்னார். ஜிங்கோ என்கிற அந்த நாய்க்குத் தலைகால் புரியவில்லை.

விடிந்தால் கன்றுகளை மலை இறக்கிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த பிரேக்கோடு அந்த இறக்கத்தில் போனால், கன்றுகளும் ஓர்வலும் வண்டிக்கு முன்னாடியே பறந்து போய்ச் சந்தையில் இறங்கிவிடுவார்கள். பிரேக் ஆயிலில் காற்று கலந்திருந்தது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் பெடலை அமுக்கிப் பிடிக்கும்போது இன்னொருத்தர் சக்கரத்துக்குப் பின்னால் திருகைத் திறந்து, காற்று வெளியேறியதும் மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

“ஜிங்கோ, அந்தம்மாவை அமுக்கச் சொல்லு” என்றார் ஓர்வல், வண்டிக்கடியிலிருந்து.

“அமுக்கியாச்சுன்னு அந்தாளுகிட்ட சொல்லு ஜிங்கோ.”

திருகைத் திறந்தார். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. இத்தனை தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாய் சும்மா இருக்குமா? வண்டிக்கடியில் புகுந்து, திருகிலிருந்து ஆயில் வடிகிற குழாயைக் கவ்வியது.

“விடு சனியனே, விடு!”

ஆர்டித் காலை விட்டாள். வெளியே போன காற்று குடும்பத்தோடு உள்ளே வந்து குடியேறியது.

உன்னைத்தான் சொன்னேன் என்று ஓர்வல் நாயிடம் விளக்கினார். அது வாலை ஆட்டியது. ஆர்டித்தின் பூட்ஸ் இரண்டும் கீழே இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் கூப்பிட வேறு ஆளில்லை.

“ஆர்டித்” என்றார். “சத்தியமா நாயைத்தான் சொன்னேன். அன்னிக்கு பை பத்திப் பேசினது தப்பு. என் வாய்க்கும் பிரேக் இல்ல. வந்து அமுக்கு, தாயே.”

பூட்ஸ் நின்றன. ஆர்டித் நாயைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து வண்டியில் ஏறினாள்.

“அமுக்கிட்டேன். வாயைத் திறக்காம, திருகை மட்டும் திற.”

நாலு சக்கரமும் முடிந்தபோது பெடல் கருங்கல்லாக இருந்தது. சோதித்துப் பார்க்க ஓர்வலைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆர்டித்தே ஓட்டினாள். ஒரே மிதி. வண்டி நின்றது. ஓர்வல் நிற்கவில்லை, அவருடைய நெற்றி முன்கண்ணாடியில் போய் முட்டியது.

“நாளைக்கு நானே ஓட்டுறேன்” என்றாள் ஆர்டித். “நீ பின்னாடி கன்னுக்குட்டிங்களோட பேசிக்கிட்டே வா.”