காரில் விரித்த பாய்

நான் மடையன். கார் விஷயத்தில் மட்டுமல்ல. ஆனால் கார் வாங்கிய பிறகுதான் ஊருக்கும் அது தெரிந்தது.

எழுபதுகளின் கடைசி. மனைவிக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. வலி கண்டால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு நம்பிப் போக ஒரு கார் வேண்டும். அட்டாளைச்சேனையில் என் மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி தன் பழைய காரை விற்கப்போவதாகச் சொல்லியனுப்பினார்.

கல்முனைத் தேத்தண்ணிக் கடையில் நான் அதற்கு முன்பே பிரசங்கம் செய்து முடித்திருந்தேன்: “கடற்கரைக் காரில எஞ்சினப் பாக்கப்படா. அடித்தட்டப் பாக்கணும். உப்புக்காத்து முதல்ல திங்கிறது அதத்தான்.”

அறிவெல்லாம் சரி. போய்க் காரின் கதவைத் திறந்தால், உள்ளே அடித்தட்டு முழுக்க மறைய, சிவப்பும் பச்சையுமாகப் பன்புல்லில் இழைத்த புத்தம் புதுப் பாய்.

“மருமகன் வாறாரெண்டு நான்தான் விரிச்சன்” என்றார் வீட்டுக்கார மாமி, கதவு மறைவிலிருந்து.

விருந்தாளிக்கென்று விரித்த பாயை விருந்தாளியே தூக்கிப் பார்ப்பதா? உங்கள் வீடு குப்பை என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட மோசம் அது. நான் இன்னும் ஒரு படி மேலே போனேன்: செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுக் காருக்குள் ஏறினேன். பின் சீட்டுக்கு முன்னால், மனைவி கால் வைக்கப்போகும் இடத்தில், கால் பெருவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். அமுங்கியது. நல்ல மொத்தமான பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சோறு. கார்க்கார மாமாவும் நானும் ஒரே சகனில், அந்தப் பெரிய தட்டில், சேர்ந்து கைவைத்தோம். இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்:

“எப்பிடி மருமகன், கார்?”

வாய் நிறைய அவருடைய இறைச்சி. வேறென்ன சொல்வது?

“கதைக்கத் தேவல்ல மாமா. தங்கம்!”

“அப்ப பிஸ்மில்லாச் சொல்லிக் கையத் தாங்க.”

கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், பாய் அழகாயிருக்கிறதே என்று மனைவி அதை வெளியே இழுத்தாள். பின் சீட்டுக்கு முன்னால் அடித்தட்டே இல்லை. எங்கள் முற்றத்து மணல் தெரிந்தது. நிழலுக்கு வந்து படுத்த கோழியொன்று அண்ணாந்து எங்களைப் பார்த்தது.

திருப்பிக் கொடுக்கலாமா? பிஸ்மில்லாச் சொல்லிக் கைகொடுத்தாயிற்று. மாமனாரிடம் முறையிடலாமா? நான் குடியிருப்பதே அவர் மகளுக்குக் கொடுத்த வீட்டில். ஒட்டு வைக்கலாமென்றால், தொட்ட இடமெல்லாம் தகரம் அப்பளமாக உதிர்ந்தது.

மனைவி வயிற்றில் கைவைத்தபடி நின்றாள்.

“புள்ள, கால் ரெண்டையும் சீட்டுக்கு மேல தூக்கி வெச்சுக்கிட்டா மட்டக்களப்புக்குப் போயிரலாம்தானே?” என்றேன்.

“அப்ப நீங்களே போய்ப் பெத்துக்கிட்டு வாங்க.”