வெள்ளைத் துணிக்கு நிறம் இல்லை

அந்தக் கொப்பியின் நடுப்பக்கத்தில் ஒரு வரி பென்சிலால் எழுதி அழிக்கப்பட்டிருக்கிறது. எழுதியதும் நான்தான், அழித்ததும் நான்தான்.

கணவரின் தங்கையான மச்சியும் நானும் ஒரே வகுப்பில் ஜாவா புரோகிராமிங் படித்தோம். கொப்பியும் ஒன்றுதான், என் பக்கத்துக்கு எதிரே அவள் எழுதுவாள். மருதமுனையில் மாமாவின் கைத்தறிக் கடைக்கு ஓடர் பதியும் புரோகிராம் ஒன்றை இருவரும் தொடங்கியபோது என் மகளுக்கு நாலு மாதம். ஒரு சாரனுக்கு எந்தெந்த நிற நூல் என்று பதிய, நான் ஒரே பெயரில் மூன்று மெதட்கள், சிறு கட்டளைத் தொகுப்புகள், எழுதினேன்: ஒரு நிறத்துக்கு, இரண்டுக்கு, மூன்றுக்கு. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எழுத இரண்டு நாள் எடுத்தது. மச்சி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அஞ்சு நிறச் சாரனுக்கு என்ன செய்வீங்க மதினி? இன்னும் ரெண்டு எழுதுவீங்களா? மூணு புள்ளி போட்டாக் காணும்."

போட்டாள். எத்தனை நிறம் கொடுத்தாலும் அந்த ஒரே மெதட் வரிசையாக வாங்கிக்கொண்டது. மாமா தன் மகள் மச்சியின் தலையைத் தடவினார். என்னிடம், பிள்ளை தூங்கிவிட்டாளா என்று மட்டும் கேட்டார். அன்பான கேள்விதான். ஆனாலும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

வியாழன் பின்னேரம் கொப்பியைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. மச்சியின் மெதட் எடுத்த எடுப்பில் முதல் நிறத்தைக் கேட்கிறது. மூன்று புள்ளி போட்ட மெதட்டை ஒன்றுமே கொடுக்காமலும் அழைக்கலாம். அப்போது முதலாவது என்று ஒன்று இருக்காது, புரோகிராம் நின்றுவிடும். அதன் பக்கத்திலேயே 'நிறம் ஒன்றும் இல்லாவிட்டால்?' என்று எழுதினேன். பிறகு அழித்தேன். நிறமில்லாத துணியை யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். மக்காவுக்கு உம்றா போகிறவர்கள் உடுத்தும் இஹ்ராம், நிற நூலே சேராத வெள்ளைத் துணி, அப்போதே நினைவுக்கு வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து கடைக்கு வந்த முதல் ஆள் கேட்டது அதைத்தான். வெள்ளை இஹ்ராம், இரண்டு சோடி. எல்லோர் முன்னும் கம்பியூட்டர் திரை சிவப்பு எழுத்தால் நிறைந்தது. மாமா பழைய ஓடர் புத்தகத்தை எடுத்தார். மச்சி முகம் வாடி என்னிடம் வந்தாள்.

"நீங்க எழுதியிருந்தா இப்படி ஆகியிருக்காது மதினி. நீங்க எல்லாத்தையும் ரெண்டு தரம் பார்ப்பீங்க."

என் மூன்று மெதட்களிலும் வெள்ளைக்கு இடமில்லை. அதைக்கூடச் சொல்லாமல் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது மச்சி கொழும்பில், புதிதாக வேலைக்குச் சேர்பவர்களைப் பழக்குகிறாள். அந்த மெதட் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி நேற்றுக் கேட்டாள். தன் பிழையைக் காட்டிப் படிப்பிக்கப் போகிறாளாம். பிழையைக்கூட இப்படி வெளிச்சத்தில் நீட்ட முடிகிறதே என்று, அதிலும் எனக்குப் பொறாமை. கொப்பியை யன்னலோரம் பிடித்தேன். சாய்ந்த வெயிலில் அழித்த வரியின் தடம் தெரிந்தது. அந்தத் தடத்தின் மேலேயே பேனையால் மறுபடி எழுதினேன். பக்கத்தில், 'வியாழன் பின்னேரம்' என்றும் சேர்த்தேன். பிறகு படம் எடுத்து அனுப்பினேன்.